திமிங்கலத்துக்குப் பல் தேய்ப்பவர்

எங்கள் பூங்காவின் வாசல் ஒரு திமிங்கலத்தின் வாய். மேலே இருபத்திரண்டு பல், கீழே இருபது. குழந்தை வண்டிகளும் சக்கர நாற்காலிகளும் போக வழி வேண்டுமே, அதற்காகக் கீழே மட்டும் இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். எந்தத் திமிங்கலத்துக்கு இப்படி மேலும் கீழும் பல் இருக்கிறது என்று, பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒரு பள்ளி ஆசிரியர் என் கவுன்டர் முன்னால் நின்று சண்டை பிடித்தார். "சார், நான் டிக்கெட் குடுக்கறவ. திமிங்கலம் எனக்குச் சொந்தக்காரங்க இல்ல" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயைப் பற்றியும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தினமும் காலை ஏழு மணிக்கு அந்த நாற்பத்திரண்டு பற்களையும் நீளக் கம்பு பிரஷ் வைத்துத் தேய்ப்பவரை நாங்கள் டாக்டரக்கா என்று கூப்பிடுவோம். முதலில் பல் டாக்டர் என்றுதான் கேலி செய்தோம். போகப்போகப் பல் உதிர்ந்து டாக்டர் மட்டும் நின்றது. வாசல் பராமரிப்புப் பொறுப்பாளர் என்பது அவருடைய பதவி. வயது நாற்பத்து மூன்று. இடுப்பில் முப்பத்தொரு சாவிகள் கோத்த வளையம். அவர் வருகிறார் என்பது ஆள் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

பல் தேய்த்து முடிந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராக நுழைகிற ஆறு சுழல் கம்பிகளையும் தலா இருபது முறை தள்ளிப் பார்ப்பார். பிறகு நடுத்தர வயதுப் பெண் யாரும் நாலு பேர் பார்க்கச் செய்யாத ஒரு வேலை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அப்படியே வாத்து மாதிரி நடந்து வாசலைத் தாண்டி உள்ளே போவார். ஏன் என்று கேட்டால், "அஞ்சு வயசுக் குழந்தைக்கு வாசல் எப்படித் தெரியும்னு பாக்கணும்ல? நீ நின்னுட்டுப் பாக்கற. அது என்னத்தைப் பாக்கும், உன் கவுன்டர் பலகைக்கு அடியில ஒட்டியிருக்கிற சூயிங்கத்தைத்தான் பாக்கும்" என்பார். பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தது, ஒன்பது. அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது, கவுன்டர் மேல் இருந்த மரியாதை போயிற்று.

திமிங்கலத்தின் இடது தாடைக்குள் ஒரு சின்ன அறை உண்டு. வாளி, பிரஷ், எண்ணெய் டப்பா, வெள்ளை பெயின்ட், கவிழ்த்துப்போட்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டி. மதியம் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் டிபன் டப்பாவைத் திறப்போம். சாப்பிட்டு முடிந்ததும், "நீ போ, நான் பத்து நிமிஷத்துல வரேன்" என்பார். நான் வெளியே வந்ததும் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். தூங்குகிறாரா, யாருக்காவது ரகசியமாகப் போன் பேசுகிறாரா என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உள்ள அப்படி என்னதான்க்கா பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. அதுக்குத்தான் சாத்துறேன்."

அன்றைக்கு எனக்கு இது விளங்கவில்லை. அவருடைய வீட்டைப் பார்த்த பிறகு விளங்கியது.

ஒரு மாலை அவர் தன் போனை அந்த அறையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். வேலை முடிந்து, கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். நான்காவது மாடி. கதவு பூட்டியிருக்கிறது, டாக்டரக்கா படியில் உட்கார்ந்திருக்கிறார். முப்பத்தொரு சாவிகளையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, சொந்த வீட்டு வாசலில் வெறுங்கையோடு. அரைமணி நேரமாக அப்படித்தானாம். கொஞ்ச நேரத்தில் அவருடைய அண்ணி பையோடு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அடடா, ரொம்ப நேரமாச்சா? இதோ இருக்கிற கடைக்குத்தான் போனேன்."

என் வாய் சும்மா இருக்குமா? "ஒரு சாவி இவங்ககிட்ட குடுத்து வெச்சிருக்கலாமே" என்றேன்.

அண்ணி நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "வீட்ல எப்பவும் யாராவது இருக்கத்தானே போறோம். இவங்களுக்கு எதுக்குச் சாவி?"

அந்த அம்மாளிடம் துளி விஷம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விஷம் இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

வீட்டில் இரண்டு அறை. ஒன்று அண்ணனுக்கும் அண்ணிக்கும். மற்றொன்று படிக்கிற பிள்ளைகளுக்கு. அக்காவுக்கு ஹால். சோபாவுக்குப் பின்னால் அவருடைய மெத்தை சுருட்டி நிறுத்தியிருந்தது. கல்யாணம் ஒன்றரை வருஷத்தில் முறிந்து, அண்ணனே நேரில் போய்ப் பெட்டியோடு கூட்டிவந்து பதினாறு வருஷம் ஆகிறது. டிவி அணைந்தால்தான் அக்கா படுக்க முடியும். குடிக்கத் தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். பெட்டியை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள், ஒளிக்க என்ன இருக்கிறது என்று. அண்ணன் வந்து எனக்கு உபசாரம் செய்தார். "என் தங்கச்சிக்கு ஒரு குறையும் வெக்கலம்மா. கடைசி வரைக்கும் நான் பாத்துப்பேன்" என்றார். அவர் கண் கலங்கியது. டாக்டரக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

திரும்பி வரும்போது எனக்கே மூச்சு முட்டியது. அந்த மனுஷிக்கு வேண்டியது ஒரே ஒரு கதவு. உள்ளேயிருந்து சாத்திக்கொள்ள ஒரு கதவு. உலகத்தில் அது கிடைத்த ஒரே இடம் திமிங்கலத்தின் தாடை, அதுவும் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்.

எங்கள் முதலாளிகளுக்கு ஆறு நாடுகளில் ஆறு பூங்காக்கள். எல்லாவற்றுக்கும் எண்கள்தான். நாங்கள் நான்காம் பூங்கா. டாக்டரக்கா எந்த நாட்டையும் பார்த்ததில்லை. ஆனால் மற்ற ஐந்து வாசல்களும் அவருக்கு அத்துப்படி. அங்கெல்லாம் போனவர்கள் எடுத்துப் போடும் வீடியோக்களைச் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார். மற்றவர்கள் ராட்டினம் பார்ப்பார்கள், வாணவேடிக்கை பார்ப்பார்கள். இவர் வாசல் தாண்டியதும் வீடியோவை நிறுத்திவிடுவார். பிறகு கடைசிக்கு ஓட்டி, அவர்கள் வெளியே போவதைப் பார்ப்பார்.

"உள்ள வரும்போது எல்லா வாசலும் கல்யாணப் பொண்ணு மாதிரிதான் இருக்கும். வெளிய போற வழியைப் பாரு, அப்பத் தெரியும் வண்டவாளம்" என்பார்.

ஒன்றாம் பூங்கா பனி பெய்கிற நாட்டில் இருக்கிறது. பனி உருக உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு இரும்புத் தூண்களின் காலைத் தின்றுவிடுகிறது. அதை மறைக்க, முழங்கால் உயரம்வரை தூணுக்குப் பழுப்பு பெயின்ட். "ஓட்டைக் காலுக்கு சாக்ஸ் போட்டு விட்டிருக்காங்க" என்றார் அக்கா. இரண்டாவது தீவில் இருக்கிறது. கதவு திறக்கும் முன் தரையெல்லாம் தண்ணீர் அடிப்பார்கள், படத்தில் பளபளக்கும். அதே தண்ணீர் சுழல் கம்பியின் அடியில் தேங்கி, கம்பி கிறீச்சிடுவது வீடியோவில் பாட்டுக்கு நடுவே கேட்கிறது. மூன்றாவது பாலைவனத்தில். வரிசைக் கம்பிகளை மரத்தில் செய்திருக்கிறார்கள், இரும்பாக இருந்தால் வெயிலில் கை வெந்துவிடும். இதை அக்கா மனதாரப் பாராட்டினார். ஆறாவதின் வாசல் ஒரு பெரிய கோட்டை. முன்னால் கல் மாதிரி வேலைப்பாடு. வெளியே போகிறவர்கள் எடுத்த வீடியோவில் பார்த்தால் பின்பக்கம் முழுக்க மொட்டை இரும்பும், காய்ந்த சிமென்ட் வழிசலும்.

ஐந்தாவதுதான் தலைமைப் பூங்கா. அதைப் பார்க்கும்போது அக்காவின் குரலே தணிந்துவிடும். அங்கே சுழல் கம்பியே கிடையாது. இரண்டு சின்னத் தூண்கள், நடுவில் ஒரு ஆள், அவ்வளவுதான். குப்பை எடுப்பவர்கள் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார்கள். "வெள்ளைச் சட்டைடி! குப்பை எடுக்கறவங்களுக்கு! அழுக்காகாதுன்னு எவ்வளவு நம்பிக்கை பாரு!" ஒரு குழந்தை ஐஸ்கிரீமைக் கீழே போட்டது, நாற்பது விநாடியில் அந்த இடம் துடைத்தாகிவிட்டது. அதை அவர் எனக்குப் பதினைந்து தடவையாவது போட்டுக் காட்டியிருப்பார். எனக்கு அந்த ஐஸ்கிரீம் மேல் வெறுப்பே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டுக்கு ஒருநாள் வேலை வந்தது.

தலைமை அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. ஒவ்வொரு வாசல் பொறுப்பாளரும் மற்ற ஐந்து பூங்காக்களின் வாசலையும் தன் வாசலையும் ஒப்பிட்டு, நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, குறைகளை எழுத வேண்டும். படிவம் அவர்கள் மொழியில் இருந்தது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு வாயால் விளக்கிச் சொன்னார். படிவத்தோடு வந்து மேனேஜரிடமே தங்கிவிட்ட கடிதத்தின் கடைசியில் ஒரு பத்தி இருந்தது. தன் வாசலுக்கு எந்தப் பொறுப்பாளர் மிகக் குறைவாக மதிப்பெண் போடுகிறாரோ, அவரை ஐந்தாம் பூங்காவுக்கு ஒரு வருஷம் பயிற்சிக்கு அழைத்துக்கொள்வார்கள். தங்க ஒரு தனி அறை, அதற்கு ஒரு சாவி.

இந்தக் கடைசிப் பத்தி எனக்குத் தெரியாது. பின்னால் தெரிந்ததைத்தான் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் செய்த காரியத்தை நீங்களாவது கண்ணைத் திறந்துகொண்டு பார்க்க வேண்டும். அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் அது அண்ணன் காதுக்குப் போகும். அப்புறம் பயணம் அந்த ஹாலிலேயே முடிந்துவிடும்.

சுற்றுலா வருகிற வெளிநாட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டி எனக்கு அந்த மொழி ஓரளவு வரும். அக்கா படிவத்தையும் நீல நோட்டையும் என் கையில் கொடுத்தார்.

"இதை அவங்க மொழியில அடிச்சுக் குடு. நான் எழுதினது எழுதினபடி. ஒரு எழுத்து மாத்தாதே."

"மாத்த மாட்டேன்க்கா."

"சத்தியமா?"

"அட, குடுங்கக்கா."

வார விடுமுறை அன்று வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன். ஒன்றாம் பூங்கா அறுபத்தைந்து. இரண்டு, அறுபது. மூன்று, எழுபது. ஐந்து, தொண்ணூறு. பின்பக்கம் மொட்டையாக நிற்கும் அந்த ஆறாவதற்குக்கூட ஐம்பத்து நான்கு போட்டிருந்தார். எங்கள் வாசலுக்கு முப்பத்தெட்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே பதினேழு குறைகள் வரிசையாக. மூன்றாம் சுழல் கம்பி ஒரு விரல் அளவு தாழ்ந்திருக்கிறது. மேல்வரிசையில் ஒன்பதாவது பல்லின் வெள்ளை மற்றவற்றோடு சேரவில்லை. திமிங்கலத்தின் மூக்கில் குருவி கூடு கட்டியிருக்கிறது, எச்சம் விழும் இடத்தில் தரை வெளுத்துவிட்டது. வாலுக்கு அடியில் வெளியே போகும் வழி ஒடுக்கமாக இருக்கிறது, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். இப்படி. அந்த வாசலில் பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிற என் கண்ணுக்கே தெரியாதவை. எல்லாமே உண்மை. ஆனால் எந்த மடச்சி தன் கையாலேயே தன்னைப் பற்றி மேலிடத்துக்கு இப்படி எழுதிக்கொடுப்பாள்? போன வருஷம்தான், நீர்ச்சறுக்கில் வேலை பார்த்தவர் அங்கே உள்ள பழுதுகளை நேர்மையாக எழுதிக்கொடுத்தார். பழுது அப்படியே இருக்கிறது, அவர்தான் இல்லை.

வேலையும் போய்விட்டால் இந்த மனுஷி இருபத்து நாலு மணி நேரமும் அந்த ஹாலில் அல்லவா கிடக்க வேண்டும்? அந்த நினைப்புத்தான் என் விரலைப் பிடித்துத் தள்ளியது. பதினேழையும் விட்டுவிட்டேன். முப்பத்தெட்டைத் தொண்ணூற்றாறாக்கினேன். கடைசியில் ஒரு கேள்வி, உங்கள் வாசலில் பார்வையாளர்கள் அவசியம் பார்க்க வேண்டியது எது? அக்கா 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார். நான், 'எங்கள் பராமரிப்பு வேலையே பார்க்க வேண்டிய காட்சிதான்' என்று ஜோடித்து எழுதினேன்.

வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அடுத்தவங்க பரீட்சையை நீ எழுதறியா?"

"போய் வேலையைப் பாருங்க" என்றேன். எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் டாக்டரக்கா ஆளே மாறிவிட்டார். பல் தேய்க்கும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு. கடையில் ஒரு சின்னச் சாவி வளையம் வாங்கிவந்து என்னிடம் காட்டினார். ஒரு சாவி மட்டும் மாட்டக்கூடியது, சாதாரண எவர்சில்வர்.

"எந்தச் சாவிக்குக்கா?"

"இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். பரிசு ஏதோ எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது, அதற்கும் நான்தான் வழி செய்திருக்கிறேன் என்று நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் சரிபார்க்க வந்தார்கள். மேனேஜருக்கு அன்று வேறு வேலை. பேச்சை மொழி மாற்றிச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா அவர்களை நேராக மூன்றாம் சுழல் கம்பிக்குக் கூட்டிப்போனார்.

"இது ஒரு விரல் தாழ்ந்திருக்கு. சொல்லு."

நான் அவர்களிடம், "இதைத் தினமும் இருபது தடவை தள்ளிப் பார்ப்பார்" என்று சொன்னேன். பொய் இல்லையே. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டியதைப் பார்த்து அக்காவுக்கு முகம் மலர்ந்தது. அடுத்து ஒன்பதாவது பல்.

"வெள்ளை சேரல. நல்லா உத்துப் பாக்கச் சொல்லு."

"பல்லுக்குப் பல் தனித்தனியாகக் கவனிப்பார்" என்றேன். அவர்கள் உற்றுப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்கள். அக்கா உற்சாகமாகிவிட்டார். குருவிக் கூட்டைக் காட்டினார். பறவைகளுக்கும் இடம் கொடுக்கும் நல்ல மனசு என்று அவர்களே முடிவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பதினேழு குறைகளையும் ஒன்று விடாமல் காட்டினார். பதினேழுக்கும் அவர்கள் கட்டை விரலை உயர்த்தினார்கள். கடைசியாக வாலுக்கு அடியில் ஒடுக்கமான வழியைக் காட்டி, "இங்க ஆளுங்க மாட்டிக்கறாங்க, சொல்லு. முக்கியமா இதைச் சொல்லு" என்றார். நான், "போகிறவர்களை இவர் இங்கே நின்று வழியனுப்புவார்" என்றேன். அந்த வழியில் அக்கா எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறார் என்பது உண்மைதான்.

அவர்கள் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். டாக்டரக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாச் சொன்னே. எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றார்.

பத்து நாள் கழித்து மேனேஜர் எல்லோரையும் காலையில் திமிங்கலத்தின் வாய்க்குள் வரச்சொன்னார். ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். ஆறு பூங்காக்களில் சிறந்த வாசல், நான்காம் பூங்காவினுடையது. எல்லோரும் கை தட்டினோம். நான் கை வலிக்கத் தட்டினேன். மேனேஜர் மேலும் படித்தார். தன் வாசலுக்கு மிகக் குறைவாக நாற்பத்தொன்பது போட்டுக்கொண்ட ஆறாம் பூங்காவின் பொறுப்பாளர் ஒரு வருஷப் பயிற்சிக்கு ஐந்தாம் பூங்காவுக்குப் போகிறார். தனி அறை கொடுத்து வைத்துக்கொள்வார்கள். "நம்ம டாக்டருக்கு எதுக்குப் பயிற்சி? இவங்களே அங்க போய்ப் பாடம் எடுக்கலாம்!" எல்லோரும் சிரித்தார்கள். "இன்னொரு விஷயம். இவங்களை எந்தக் காரணத்துக்காகவும் இந்த வாசலை விட்டு மாத்தக்கூடாதுன்னு ஹெட் ஆபீஸ் உத்தரவே போட்டிருக்கு!"

இன்னும் பலத்த கைதட்டல். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். டாக்டரக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டார். நான் உள்ளே இருக்கும்போது அவர் அதைப் போட்டது அதுதான் முதல் தடவை.

"முப்பத்தெட்டுன்னுதானே போட்டே?"

"தொண்ணூத்தாறு."

"பதினேழு?"

"விட்டுட்டேன்."

அக்கா கவிழ்த்துப்போட்ட தொட்டியில் உட்கார்ந்தார். அந்தக் கடைசிப் பத்தியை அப்போதுதான் சொன்னார். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. பெயின்ட் டப்பாவின் மூடியில் காய்ந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார். அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாராம்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா..."

"உன் வாய் நிக்குமா? அண்ணனுக்குத் தெரிஞ்சா, உனக்கு எதுக்கும்மா அவ்வளவு தூரம் கஷ்டம்னு அவரே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லியிருப்பார்."

"உங்களுக்கு நல்லது பண்றேன்னு நினைச்சேன்க்கா. சத்தியமா."

"தெரியும்" என்றார். "பதினாறு வருஷமா எல்லாரும் எனக்கு நல்லதுதான் பண்றாங்க."

நான் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொல்லி? உன் வேலை போகும். அதையும் நான் சுமக்கணுமா? உக்காரு" என்றார். அவர் தடுத்தார், அதனால் போகவில்லை என்றுதான் நான் என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். அவர் தடுக்காமல் இருந்திருந்தாலும் போயிருப்பேனா என்று தெரியவில்லை. எனக்கும் பயம்.

அந்த வார இறுதியில் அண்ணன் குடும்பத்தோடு பூங்காவுக்கு வந்தார். மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். சிறந்த வாசல் என்று எழுதி வாசலில் புதிதாக மாட்டியிருந்த பித்தளைப் பலகையைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார். "பாத்தியா, இனிமே நீ எங்கயும் போக வேண்டியதே இல்ல" என்று தங்கையின் தலையைத் தடவினார். டாக்டரக்கா, "ஆமாண்ணா" என்றார்.

எல்லாம் இதோடு முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரி ஆறியிருக்கும். தலைமை அலுவலகத்தில் என் படிவத்தின் கடைசிப் பதிலையும் யாரோ படித்திருக்கிறார்கள். எங்கள் பராமரிப்பு வேலையே ஒரு காட்சி என்று நான் ஜோடித்த அந்த வரியை. ஒரு திங்கட்கிழமை காலை ஆட்கள் வந்து திமிங்கலத்தின் இடது தாடையை அறுத்தார்கள். அந்த அறையின் முன்சுவரை எடுத்துவிட்டு முழுக்கண்ணாடி வைத்தார்கள். மேலே விளக்கு. 'சிறந்த வாசலின் ரகசியம் இங்கே' என்று ஒரு பலகை. வாளிகளும் பிரஷ்களும் அளவுப்படி வரிசையாக நின்றன. கதவும் கண்ணாடிதான். தாழ்ப்பாள் எங்கே என்று நான் மேனேஜரைக் கேட்டேன்.

"கண்ணாடி ரூமுக்கு எதுக்கும்மா தாழ்ப்பாள்?" என்றார். அவரும் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

இப்போது மதியம் டாக்டரக்கா அந்தக் கண்ணாடிக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். பிள்ளைகள் மூக்கை அழுத்திக்கொண்டு பார்க்கும். சிலர் படம் எடுப்பார்கள். ஒருத்தி தன் குழந்தையிடம், "அந்த ஆன்ட்டி சாப்பிடறாங்க பாரு, நீயும் சாப்பிடு" என்று ஊட்டினாள். உள்ளே ஆணியில் பிரஷ்களுக்குப் பக்கத்தில் அந்த எவர்சில்வர் வளையம் சும்மா தொங்குகிறது. என் கவுன்டர் நேர் எதிரே. என் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் அவருடைய கண்ணாடி.

நேற்று எனக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய், அவருடைய கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, குடையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். பத்து நிமிஷம், யாரும் பார்க்காமல் அவர் சும்மா உட்காரட்டும் என்று. வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். மூன்று நிமிஷம் போயிருக்கும், பின்னாலிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம். திரும்பினேன். தள்ளிப் போ என்று கையைக் காட்டினார்.

"பத்து நிமிஷம்தான்க்கா, நான் நிக்கறேன்" என்று கண்ணாடி வழியாகக் கத்தினேன்.

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் துணி.

"நான் கேட்டேனா?" என்றார். "நகரு. முதுகு பட்டு அழுக்காயிடுச்சு."

நகர்ந்தேன். என் சட்டையின் வியர்வை கண்ணாடியில் ஒரு ஆள் அகலத்துக்குப் படிந்திருந்தது. அதை மேலிருந்து கீழாகத் துடைத்தார், குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடிப்பகுதியையும் துடைத்தார், குழந்தை உயரத்திலிருந்து ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்தார்.